பட்டறை ஆசிரியருக்கு ஆன்லைனில் என்ன கற்றுத்தர முடியும்?

ஐ.டி.ஐ. பயிற்றுநர்களுக்கு ஆன்லைனில் பயிற்சி கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் உடனே இரண்டு குரல்கள் எழும். "வெல்டிங்கை வீடியோ பார்த்துக் கத்துக்க முடியுமா? ராடைக் கையில பிடிச்சாத்தான் தெரியும்" என்பது ஒன்று. "எல்லாமே யூடியூப்ல இருக்கே, தனியா எதுக்குப் பயிற்சி?" என்பது இன்னொன்று. முதல் குரல் பெரும்பாலும் பட்டறையிலேயே வாழ்நாளைக் கழித்தவருடையது. இரண்டாவது, பட்டறைக்குள் அதிகம் வந்திராதவருடையது. இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் ஆன்லைன் பயிற்சி என்றால் வீடியோ பார்ப்பது என்று இருவருமே எடுத்துக்கொள்கிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

இந்தக் குழப்பத்துக்கு விலை உண்டு. வீடியோவை ஓடவிட்டுச் சான்றிதழ் எடுத்துக்கொள்வதும் பயிற்சிக் கணக்கில் ஏறிவிடுகிறது. ஆன்லைனில் உண்மையாகவே நன்றாகக் கற்றுத்தரக்கூடிய விஷயங்களோ கற்றுத்தரப்படாமலே போகின்றன. தமிழ்நாட்டில் இது இன்று அவசரமான விஷயமும்கூட. டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களைத் தொழில் 4.0 மையங்களாக அரசு மாற்றியிருக்கிறது. ரோபாட், மேம்பட்ட சி.என்.சி. (கணினி நிரலால் இயங்கும் வெட்டு எந்திரம்), மின்வாகனம் என்று புதிய பிரிவுகள் வந்துவிட்டன. பல ஆண்டுகள் டர்னர் (கடைசல்) பிரிவில் சாதா லேத் கற்றுக்கொடுத்த ஒருவர் இப்போது கணினியில் ஓடும் எந்திரத்தின் முன்னால் மாணவரோடு நிற்க வேண்டியிருக்கிறது. அவருக்கு யார், எப்படிக் கற்றுக்கொடுப்பது?

அதிரசப் பாகு

அதிரசம் செய்தறியாத ஒருவர் வீடியோ பார்த்துச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அரிசி ஊறிய நேரம், மாவின் ஈரம், வெல்லத்தின் அளவு எல்லாம் சொன்னபடியே. பாகு கொதிக்கிறது. "பதம் வந்ததும் இறக்கிடுங்க" என்கிறது வீடியோ. கொஞ்சம் முந்தி இறக்கினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும். கொஞ்சம் தாமதித்தால் கல்லாகிவிடும். வீடியோவில் இருப்பவருக்குத் தன் பாத்திரம் மட்டும்தான் தெரியும். நம் பாத்திரத்தில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. பக்கத்தில் பாட்டி நின்றிருந்தால் எட்டிப் பார்த்து, "இப்ப இறக்கு" என்று சொல்லியிருப்பார்.

வேறொரு வீடியோ இப்படிச் சொல்கிறது: "கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து ஒரு சொட்டுப் பாகை விடுங்க. கரையாம திரண்டு, விரலால உருட்ட வந்தா அதுதான் பதம்." இந்த வீடியோவும் நம் பாத்திரத்தைப் பார்க்கவில்லை. ஆனால் நம் பாத்திரத்தை நாமே சோதிக்க ஒரு வழி கொடுத்துவிட்டது. முதல் வீடியோவைவிட இது எவ்வளவோ மேல்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. ஐம்பது தீபாவளிக்கு அதிரசம் சுட்ட பாட்டியிடம் "எப்ப இறக்கணும்?" என்று கேட்டால், "பார்த்தாலே தெரியுமே" என்பார். அவர் எதையும் மறைக்கவில்லை. கை அறிந்ததை வாய் சொல்லப் பழகவில்லை. செய்வது ஒரு திறமை, செய்யச் சொல்லிக்கொடுப்பது வேறு திறமை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: காட்டுவது மட்டும் கற்றுக்கொடுப்பது ஆகாது. செய்தது சரியா, எங்கே பிசகியது என்ற தகவல் செய்தவருக்குத் திரும்பி வர வேண்டும். அதைப் பின்னூட்டம் என்போம். அது பக்கத்தில் நிற்கும் ஆளிடமிருந்து வரலாம், நாமே செய்துபார்க்கும் ஒரு சோதனையிலிருந்தும் வரலாம். இரண்டும் இல்லாத இடத்தில் கற்றல் நின்றுபோகும்.

வளம், பாடநெறி, பயிற்சி

ஆன்லைனில் பயிற்றுநருக்குக் கிடைப்பவற்றை மூன்றாகப் பிரித்தால் பாதிக் குழப்பம் தீரும்.

முதலாவது கற்றல் வளம். புத்தகம், வீடியோ, வினா வங்கி, வரைபடம் என்று எடுத்துப் பயன்படுத்தக்கூடிய பொருள்கள் எல்லாம் இதில் அடங்கும். இந்தியத் தொழிற்பயிற்சியில் இதற்கு ஒரு நீண்ட கதை உண்டு, அதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 1986 டிசம்பரில் ஜெர்மன் அரசின் உதவியோடு கிண்டியில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1999-ல் தன்னாட்சி பெற்ற அது இன்று நிமி (தேசியப் பயிற்றுவிப்பு ஊடக நிறுவனம்) என்ற பெயரில் இயங்குகிறது. ஐ.டி.ஐ.யில் படித்தவர்கள் கையில் இருந்த டிரேடு தியரி, டிரேடு பிராக்டிகல் புத்தகங்கள் பெரும்பாலும் அங்கிருந்து வந்தவைதான். ஆங்கிலத்தில் மட்டுமல்லாமல் தமிழிலும் வருகின்றன. அவற்றின் பின்னால் இருக்கும் யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும். மாணவருக்கு ஒரு புத்தகம் எழுதுவதோடு நிற்காமல், பயிற்றுநருக்குத் தனியே வழிகாட்டி நூலும் எழுதினார்கள். ஒரு ஜாப்பை, அதாவது செய்முறை வேலையை, கற்றுக்கொடுக்கும்போது எதை முதலில் சொல்வது, எதைக் காட்டுவது என்று அதில் இருக்கும். மத்தியப் பயிற்சி இயக்குநரகம் 2019-ல் பாரத் ஸ்கில்ஸ் என்ற தளத்தைத் திறந்தது. பாடத்திட்டம், மின்னூல்கள், வினா வங்கி, மாதிரித் தேர்வு, வீடியோ ஆகியவற்றை அங்கே பிரிவு வாரியாகப் பார்க்கலாம்.

இரண்டாவது பாடநெறி. வளங்களை ஓர் ஒழுங்கில் கோத்து, வாரம் இவ்வளவு என்று வகுத்து, இடையிடையே வினாக்கள் வைத்து, முடிவில் தேர்வும் வைத்தால் அது பாடநெறி. 2017 ஜூலையில் தொடங்கிய, மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயம் இதற்கு நல்ல உதாரணம். அங்கே ஒரு பாடநெறி என்றால் வீடியோ, படிக்கும் பாடம், தன்னைத் தானே சோதிக்கும் வினாக்கள், ஐயம் கேட்கும் மன்றம் ஆகிய நான்கும் இருக்க வேண்டும் என்பது விதி. சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். ஸ்வயத்தில் ஆசிரியர் பயிற்சிப் பாடநெறிகளை ஒருங்கிணைப்பது தரமணியில் உள்ள தேசியத் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனம். அது 1964 முதல் இயங்கிவருகிறது. பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கு அங்கே நிறைய இருக்கிறது. பாடம் திட்டமிடுவது, மதிப்பிடுவது பற்றிய பகுதிகள் ஐ.டி.ஐ. பயிற்றுநருக்கும் பொருந்தும்.

மூன்றாவதுதான் பயிற்சி. ஒரு வேலையைக் கொடுத்து, செய்யவைத்து, செய்ததைப் பார்த்து, திருத்தி, மறுபடி செய்யவைப்பது. இந்தச் சுற்று முடியாமல் நின்றால் அதைப் பயிற்சி என்று சொல்ல எனக்கு மனம் வராது.

முதல் இரண்டும் இணையத்தில் ஏராளம். மூன்றாவது அரிது, காரணம் அதற்கு ஆள் வேண்டும். ஒரு வீடியோவை ஒரு லட்சம் பேர் பார்க்கலாம். ஒரு லட்சம் பேர் செய்த வேலையை ஒருவரால் பார்த்துத் திருத்த முடியாது.

பயிற்றுநருக்கு இரண்டு தொழில்

ஃபிட்டர் பயிற்றுநர் ஒருவர் ஃபிட்டரும்தான், ஆசிரியரும்தான். முதல் தொழிலை அவர் ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ தொழிற்சாலையிலோ கற்றிருப்பார். இரண்டாவதைக் கற்க அவருக்கு என்றே ஒரு படிப்பு இருக்கிறது. சி.ஐ.டி.எஸ். என்று சொல்லப்படும் கைவினைப் பயிற்றுநர் பயிற்சித் திட்டம் அது, ஓராண்டுக் காலம். சென்னையில் கிண்டியில் உள்ள தேசியத் திறன் பயிற்சி நிலையம் அதை நடத்தும் இடங்களில் ஒன்று. இந்தப் படிப்பை முடிக்காமலே வகுப்பெடுக்க வந்தவர்கள் குறைவில்லை, தனியார் ஐ.டி.ஐ.க்களில் குறிப்பாக.

"வேலை தெரிஞ்சா சொல்லிக்கொடுக்கத் தெரியாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்விக்கு நூறு ஆண்டுக்கு முன்பே பதில் கிடைத்துவிட்டது. முதல் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களுக்கு மிகக் குறுகிய காலத்தில் ஏராளமான புதிய தொழிலாளர்கள் தேவைப்பட்டார்கள். தேர்ந்த தொழிலாளர்கள் இருந்தார்கள், ஆனால் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அவர்களுக்குத் தெரியவில்லை. சார்லஸ் ஆலன் என்பவர் அந்தத் தேர்ந்தவர்களைப் பயிற்றுநர்களாக்க நான்கு படிகளை வகுத்தார்: மாணவரைத் தயார்ப்படுத்து, காட்டி விளக்கு, செய்யவை, சோதித்துப் பார். இரண்டாம் உலகப்போரில் தொழிற்சாலை மேற்பார்வையாளர்களுக்கு இதே முறையைச் சற்று மாற்றிப் பெரிய அளவில் கற்பித்தார்கள். போருக்குப் பின் அது ஜப்பானுக்கும் போனது. இன்று சி.ஐ.டி.எஸ். வகுப்பில் லெசன் பிளான் எழுதுகிறவர் எழுதுவதும் இந்த நான்கு படிகளைத்தான்.

இரண்டு தொழில் என்பதை மனதில் வைத்தால் ஆன்லைன் கேள்வியின் முகமே மாறிவிடும். "வெல்டிங்கை ஆன்லைனில் கற்க முடியுமா?" என்று கேட்பது முதல் தொழிலைப் பற்றியது. ஆனால் பட்டறையில் இருபது ஆண்டு வெல்டிங் செய்த பயிற்றுநருக்கு வெல்டிங் ஏற்கெனவே தெரியும். அவருக்கு வேண்டியது இரண்டாவது தொழில், அதில் ஆன்லைனில் செய்யக்கூடியது நாம் நினைப்பதைவிட அதிகம். சி.என்.சி.க்கு மாறும் டர்னர் பயிற்றுநருக்கோ முதல் தொழிலிலேயே புதிதாகக் கற்க வேண்டியது இருக்கிறது. இருவருக்கும் ஒரே பாடநெறியை அனுப்பிவைப்பது யாருக்கும் உதவாது.

அரம் பிடிக்கும் கை

கைத்திறன் எப்படி வளர்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஆன்லைன் எங்கே உதவும், எங்கே உதவாது என்பது இதில்தான் தெளிவாகும்.

ஃபிட்டர் பிரிவில் சேர்ந்த மாணவர் முதலில் கற்பவற்றில் ஒன்று அரத்தால் ராவித் தட்டையான பரப்பை எடுப்பது. பார்க்கச் சாதாரண வேலை. ஆனால் புதிதாகச் செய்பவரின் ஜாப் (இங்கே ராவும் உலோகத் துண்டு) நடுவில் மேடாகவும் இரண்டு ஓரங்களிலும் தேய்ந்தும் இருக்கும். மாணவர் இன்னும் அழுத்தி ராவுவார். மேடு இன்னும் கூடும். காரணம் கைகளின் அழுத்தத்தில் இருக்கிறது. அரம் முன்னோக்கிப் போகத் தொடங்கும்போது முனையைப் பிடித்த கையில் அழுத்தம் கூட இருக்க வேண்டும். நடுவில் இரண்டு கையும் சமம். முடியும்போது பிடியைப் பிடித்த கையில் கூட இருக்க வேண்டும். இந்த மாற்றம் நடக்காவிட்டால் அரம் சீசா பலகைபோல ஆடி ஓரங்களைத் தின்றுவிடும். தேர்ந்த ஃபிட்டரின் கைகள் இதைத் தானாகச் செய்யும். அவரிடம் கேட்டால், "நேரா ராவு, ஆட்டாதே" என்பார். மாணவருக்கு அது போதாது.

தேர்ந்தவர் தன் கையே அறியாமல் செய்வதைப் பிரித்து, படி படியாக எழுதி, ஒவ்வொரு படியிலும் எது முக்கியம், ஏன் முக்கியம் என்று குறிப்பதை வேலைப் பகுப்பாய்வு என்கிறார்கள். ஒரு பயிற்றுநர் கற்க வேண்டிய திறன்களில் இதையே முதலில் வைப்பேன். மேசை, தாள், பேனா, தன் தொழிலைப் பற்றிய யோசனை, அதைப் படித்துவிட்டு "இந்த இடம் புரியலையே" என்று சொல்ல ஒருவர். இவ்வளவுதான் தேவை. இதை முழுக்க ஆன்லைனில் கற்கலாம்.

கைத்திறன் வளரும் வழியை இந்தியக் கல்வியாளர் ஆர்.எச். தவே 1970-ல் ஐந்து நிலைகளாக வகுத்தார். உலகம் முழுக்கத் தொழிற்கல்வியில் அது இன்றும் பயன்படுகிறது. நம் வார்த்தையில் சொன்னால்: பார்த்துச் செய்வது, சொன்னதைக் கொண்டு செய்வது, துல்லியமாகச் செய்வது, பல திறன்களை இணைத்துச் செய்வது, இயல்பாகவே செய்வது.

முதல் இரண்டு நிலைகளில் வீடியோவும் எழுத்தும் நிறைய உதவும். ராவும்போது கால் எங்கே வைப்பது, அரத்தை எப்படிப் பிடிப்பது என்பதைப் படத்தில் காட்டலாம், நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். மூன்றாம் நிலையில்தான் பின்னூட்டம் தவிர்க்க முடியாததாகிறது. இங்கே நல்ல செய்தி ஒன்று: தொழிற்கல்வியில் பல வேலைகளுக்கு "தண்ணீரில் ஒரு சொட்டு" சோதனை ஏற்கெனவே இருக்கிறது. ராவிய பரப்பின்மீது மூலைமட்டத்தின் விளிம்பை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் போதும். எங்கே ஒளி கசிகிறதோ அங்கே பள்ளம். மைக்ரோமீட்டர் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வரை உண்மை பேசும். இவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த மாணவர் பயிற்றுநர் பக்கத்தில் இல்லாத நேரத்திலும் கற்றுக்கொண்டே இருப்பார்.

ஆர்க் வெல்டிங்கில் இது கடினம். எலக்ட்ரோடு (ராடு) முனைக்கும் தகட்டுக்கும் இடையே உள்ள தூரம் ஏறக்குறைய எலக்ட்ரோடு கம்பியின் விட்டம் அளவே இருக்க வேண்டும். 3.15 மில்லிமீட்டர் ராடு என்றால் இடைவெளியும் மூன்று மில்லிமீட்டர் அளவு. கூடினால் பொறி தெறிக்கும், பீட் (உருகி உறையும் உலோகக் கோடு) அகலமாகி அதில் நுண்துளைகள் விழும். குறைந்தால் ராடு ஒட்டிக்கொள்ளும். ராடு எரிந்து குறைந்துகொண்டே வரும்போது அந்த இடைவெளியைக் கை விடாமல் காக்க வேண்டும், கண் கறுப்புக் கண்ணாடிக்குள் இருக்கும்போது. சத்தத்தைக் கேட்டே தேர்ந்தவர் சொல்லிவிடுவார். இதை வளர்க்கப் பட்டறையும் பக்கத்தில் நிற்கும் ஆளும் வேண்டும். முதல் குரல் சொன்னது இந்த இடத்தில் முழு உண்மை.

ஆக, இந்த ஐந்து நிலைகளில் தொடக்கத்துக்கு ஆன்லைன் துணை நிற்கும். நடுவில், சோதனை முறை இருக்கும் வேலைகளுக்கு மட்டும் நிற்கும். கடைசி இரண்டும் பட்டறையில் வருடங்கள் கழித்தால் வருபவை.

திரையே பட்டறையாகும் இடம்

சில தொழில்களில் கற்கும் இடமும் வேலை செய்யும் இடமும் ஒரே திரைதான். கோபா (கணினி இயக்குநர், நிரலாக்க உதவியாளர்) பிரிவில் கணினி கற்பிப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.ஐ.டி. பாம்பே உருவாக்கிய ஸ்போக்கன் டுடோரியல் இந்த வாய்ப்பை மிக அழகாகப் பயன்படுத்தியது. கட்டற்ற மென்பொருள்களைச் சுமார் பத்து நிமிட வீடியோக்களாகப் பிரித்தார்கள். திரையில் ஒரு பக்கம் வீடியோ, மறுபக்கம் மென்பொருள். ஒரு படி கேட்க வேண்டும், நிறுத்த வேண்டும், செய்துபார்க்க வேண்டும். ஒலி தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் இருக்கிறது. பக்கத்தில் யாரும் இல்லாமலே ஒருவர் கற்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதை வைத்தே ஒவ்வொன்றையும் எழுதினார்கள். இது பலிப்பதற்குக் காரணம், தவறு செய்தால் கணினியே உடனே காட்டிவிடும்.

சி.என்.சி.யின் ஒரு பாதியும் இப்படித்தான். ஜி00 என்றால் டூல் அதிவேகமாக இடம் மாறும், ஜி01 என்றால் கொடுத்த வேகத்தில் வெட்டிக்கொண்டே நேர்கோட்டில் நகரும். வெட்ட வேண்டிய இடத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றதை எழுதிவிட்டால் எந்திரத்தில் டூல் போய் ஜாப்பில் மோதும். டூல் உடையும், சில நேரம் எந்திரத்தின் சுழல்தண்டான ஸ்பிண்டிலே பழுதாகும். கணினிப் பாவனை (சிமுலேட்டர்) மென்பொருளில் அதே தவறு திரையில் ஓர் எச்சரிக்கையோடு முடிந்துவிடும். தவறு மலிவாக இருக்கும் இடத்தில் மனிதர் துணிந்து முயல்வார். சாதா லேத்திலிருந்து வரும் பயிற்றுநர் நிரல் எழுதும் பகுதியை வீட்டிலிருந்தே பழகிவிட்டு வந்தால், எந்திரத்தின் முன்னால் கிடைக்கும் குறைவான நேரத்தை ஜாப்பைக் கட்டுவதற்கும் டூல் ஆஃப்செட் (டூல் முனை இருக்கும் இடத்தின் அளவு) எடுப்பதற்கும் செலவிடலாம். அந்தப் பகுதிகளை எந்தத் திரையும் தராது.

வெல்டிங்குக்கும் பாவனைக் கருவிகள் வந்திருக்கின்றன. கையில் பிடிக்கும் கருவி எந்தக் கோணத்தில், எவ்வளவு தூரத்தில், என்ன வேகத்தில் போகிறது என்று செய்துகொண்டிருக்கும்போதே அவை காட்டும். தொடக்கத்தில் அது பெரிய உதவி, ராடும் தகடும் மின்சாரமும் மிச்சம். சூடும் புகையும் பொறி தெறிக்கும்போது வரும் பயமும் அங்கே இல்லை. அவற்றுக்குப் பழகுவதும் வெல்டிங்கின் ஒரு பகுதிதான்.

தன் வகுப்பைத் தானே பார்ப்பது

இப்போது இரண்டாவது தொழிலுக்கு வருவோம். கற்பிக்கும் திறனில் ஆன்லைனால் எதைச் சிறப்பாகச் செய்ய முடியும் என்று என்னிடம் கேட்டால் ஒன்றைத்தான் சொல்வேன்: பயிற்றுநர் தன் டெமோவைத் தானே பார்ப்பது.

1960-களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நுண்கற்பித்தல் என்ற முறை உருவானது. ஆசிரியர் ஒரே ஒரு திறனை எடுத்துக்கொண்டு, சில மாணவர்களுக்குச் சில நிமிடம் மட்டும் பாடம் எடுப்பார். அது பதிவாகும். பிறகு அவரும் சக ஆசிரியர்களும் அதைப் பார்த்துப் பேசுவார்கள். குறையைச் சரிசெய்து மறுபடி எடுப்பார். அன்று அதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவைப்பட்டன. இன்று எல்லார் சட்டைப் பையிலும் கேமரா இருக்கிறது.

வெர்னியர் காலிப்பரில் அளவு எடுக்கக் கற்றுக்கொடுப்பதை எட்டு நிமிடம் பதிவு செய்து பார்த்தால் பயிற்றுநருக்கு என்னென்ன தெரியவரும்? மாணவர் பார்க்கவே முடியாதபடி கை மறைத்திருக்கும். அளவுகோலின் சின்னக் கோடுகள் பின்வரிசையில் இருப்பவருக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைக்கும். "புரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன்னே அடுத்த வரிக்குப் போயிருப்பார். இவற்றை யாரும் எடுத்துச் சொல்லக்கூட வேண்டாம், பார்த்தாலே தெரிந்துவிடும். மற்றவற்றைச் சக பயிற்றுநர்கள் சொல்வார்கள்.

அவர்கள் சொல்வது உதவ வேண்டுமானால் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் தேவை. பாதுகாப்பு விஷயத்தை முதலில் சொன்னாரா? முழு வேலையையும் ஒருமுறை இயல்பான வேகத்தில் செய்துகாட்டினாரா? பிறகு மெதுவாக, காரணத்தோடு காட்டினாரா? மாணவரைச் செய்யவைத்தாரா, செய்யும்போது விளக்கிச் சொல்லச் சொன்னாரா? இப்படி ஏழெட்டுக் கேள்விகள் போதும். பட்டியல் இல்லாவிட்டால் "நல்லா இருந்துச்சு சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நம் ஊர் மரியாதைக்கு மூத்தவரின் வகுப்பை இளையவர் குறை சொல்ல மாட்டார். பட்டியல் இருந்தால் அவர் ஆளைக் குறை சொல்ல வேண்டியதில்லை, கேள்விக்குப் பதில் எழுதினால் போதும்.

பதிவு செய்யும்போது கவனிக்க வேண்டிய சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். கைவேலையை எதிரிலிருந்து எடுத்தால் இடமும் வலமும் மாறிவிடும், பார்க்கும் மாணவர் மனதில் திருப்பிப் போட்டுப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கும். தோளுக்கு மேலிருந்து, செய்பவரின் கண் இருக்கும் பக்கத்திலிருந்து எடுப்பது நல்லது. ஆர்க் வெல்டிங்கை அப்படியே எடுத்தால் வெள்ளை ஒளி தவிர எதுவும் பதிவாகாது. வெல்டிங் கண்ணாடித் துண்டை லென்ஸுக்கு முன்னால் வைத்தால் உருகும் குட்டையும் பீட்டும் தெளிவாகத் தெரியும். எடுப்பவரும் வெல்டிங் முகக்கவசம் அணிய வேண்டும்.

சுருக்கமாக: கற்பிக்கும் திறனுக்கு வேண்டிய பின்னூட்டம் தொலைவிலிருந்தும் வரும், வேண்டியது ஒரு பதிவும் ஒரு பட்டியலும் பார்க்க இரண்டு பேரும்.

இலவச வீடியோவைக் காட்டுமுன்

இணையத்தில் கிடைக்கும் வீடியோவை வகுப்பில் காட்டுமுன் ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை பார்க்கும்படி பயிற்றுநர்களைக் கேட்டுக்கொள்வேன். பேச்சு நம் கவனத்தை இழுத்துக்கொள்ளும். மாணவரின் கண்ணில் பதிவது படம். ஓடும் லேத்தின் முன் கையுறை அணிந்து நிற்பவரை எத்தனையோ வீடியோக்களில் பார்க்கலாம். சுழலும் பாகம் கையுறையைப் பிடித்தால் கையோடு சேர்த்து இழுத்துவிடும். ஜாப்பைப் பிடிக்கும் சக்கை இறுக்கும் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு விளக்கம் சொல்பவர்கள் இருக்கிறார்கள், கண்ணாடி அணியாமல் கிரைண்டிங் செய்பவர்களும் இருக்கிறார்கள். விளக்கம் எவ்வளவு அருமையாக இருந்தாலும் அந்த வீடியோவைக் காட்டக் கூடாது. பதினாறு வயதுப் பையன் விளக்கத்தை மறப்பான், நிற்கும் விதத்தைப் பழகிக்கொள்வான்.

உரிமம் பற்றியும் ஒரு வார்த்தை. இணையத்தில் இலவசமாகப் பார்க்க முடிவதும், எடுத்து மாற்றிப் பயன்படுத்த அனுமதி இருப்பதும் வேறு வேறு. நகலெடுக்க, மொழிபெயர்க்க, மாற்ற, பகிர உரிமையாளரே முன்கூட்டி அனுமதி கொடுத்துவிட்ட பாடப்பொருளைத் திறந்த கல்வி வளம் என்பார்கள். அந்த அனுமதி பெரும்பாலும் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற உரிமக் குறியாக அதிலேயே இருக்கும். ஸ்போக்கன் டுடோரியல் அப்படிப்பட்டது. தமிழில் சொந்த விளக்கம் சேர்க்க நினைக்கும் பயிற்றுநருக்கு இந்தக் குறி முக்கியம். குறி இல்லாததை வகுப்பில் சுட்டியாகக் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம். வெட்டி ஒட்டித் தன் வீடியோவாக ஏற்ற முடியாது.

சேருமுன் கேட்க வேண்டியவை

ஒரு பாடநெறியின் விளம்பரம் எத்தனை மணி நேரம், எத்தனை வீடியோ, சான்றிதழ் உண்டா என்பதைச் சொல்லும். பயிற்றுநர் கேட்க வேண்டியவை வேறு. இது என் எந்தத் தொழிலுக்கு, கையால் செய்வதற்கா, கற்றுக்கொடுப்பதற்கா? நான் செய்து அனுப்ப வேண்டிய வேலை ஏதாவது உண்டா? அனுப்பினால் யார் பார்ப்பார், எத்தனை நாளில் பதில் வரும்? திருத்தி மறுபடி அனுப்பலாமா? எந்திரத்தின் முன்னால் நிற்க வேண்டிய பகுதிக்கு எங்கே, எப்போது ஏற்பாடு?

கடைசிக் கேள்விக்கு நல்ல பதில் வைத்திருக்கும் ஏற்பாட்டைக் கலப்புப் பயிற்சி என்கிறார்கள். படிக்க வேண்டியது வீட்டில், செய்ய வேண்டியது பட்டறையில், இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்து அமைந்திருக்கும். முதல் கேள்விகளுக்குப் பதில் இல்லையென்றால் அது பயனற்றது என்று பொருளில்லை, அது நல்ல நூலகமாக இருக்கலாம். நூலகத்துக்குப் போய் வந்ததைப் பயிற்சி என்று பதிவேட்டில் எழுதாமல் இருந்தால் சரி.

நிர்வாகம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. நாள் முழுதும் பட்டறையில் நின்றுவிட்டு, அட்மிஷன் வேலையும் தேர்வுப் பதிவும் முடித்து, இரவு பத்து மணிக்குக் கைபேசியில் பாடநெறி பார்க்கும் பயிற்றுநரிடம் நாம் அதிகம் எதிர்பார்க்க முடியாது. வாரத்தில் இரண்டு மணி நேரம் பணி நேரத்திலேயே இதற்கென ஒதுக்கினால் மாற்றம் தெரியும்.

யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. ஒரே பிரிவில் உள்ள பக்கத்து ஐ.டி.ஐ. பயிற்றுநர்கள் நான்கைந்து பேர் சேர்ந்தால் போதும். பாடத்திட்டத்தில் மாணவர்கள் அதிகம் தடுமாறும் ஒரு ஜாப்பை எல்லாரும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் அதற்கு வேலைப் பகுப்பாய்வு எழுதி வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். ஐந்து தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒருவர் எழுதிய முக்கியக் குறிப்பு மற்ற நால்வரிடமும் விடுபட்டிருப்பது தெரியும். அதைச் சேர்த்துத் திருத்திய தாளை வைத்து மாதம் ஒருவர் எட்டு நிமிட டெமோவைப் பதிவு செய்து அனுப்பட்டும். மற்றவர்கள் பட்டியலைப் பார்த்து மூன்று நாளுக்குள் எழுதட்டும். முதல் பதிவை மூத்தவர் அனுப்பினால் மற்றவர்களுக்குத் தயக்கம் போய்விடும்.